ரப்பர் இருக்கட்டும், கயிறு வேண்டாம்

தம்பி,

அன்றைக்குச் செல்லூர் வீட்டில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ இருந்தாய், பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற பருவம், தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறியில் நின்றார். உன் அப்பத்தா காத்தாயி பின்கட்டில் அடுப்போடு போராடிக்கொண்டிருந்தார். உன் அப்பாவின் அக்கா, உன் அத்தை பஞ்சவர்ணம், உன் தொட்டிலுக்குக் காவல். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா, வாங்கிப் போன சல்லடையைத் திருப்பித் தர வந்தவர். நான் தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றேன். இவ்வளவு பேர்தான். தானும் அங்கே இருந்ததாக உன் சித்தப்பா கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறார். நம்பாதே. அன்றைக்கு அவர் திருமங்கலத்தில் பெண் பார்க்கப் போயிருந்தார். அந்தப் பெண் அவரை வேண்டாம் என்று சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது.

நேற்று நீ போனில் பேசியதும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. "பச்சப்புள்ள கழுத்துக்கிட்ட கத்தரிக்கோலக் கொண்டு போனீங்களாம்மா? அத்த நடுங்கிப் போயி உக்காந்திருக்காக. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்றாய். நான் "சரிய்யா" என்று மட்டும் சொன்னேன். எனக்குப் போனில் பேச வராது. பேச ஆரம்பித்தால் அழுகை முந்திக்கொள்ளும், அழுதால் நீ "பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் ஐந்தாவதோடு நின்ற இந்தக் கையெழுத்தில் எழுதுகிறேன். உன் அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடாதே. அவரை உட்காரவைத்துவிட்டுப் படி. என் மருமகள் சரண்யாவும் பக்கத்தில் இருக்கட்டும், உன் அத்தையும் இருக்கட்டும். சத்தம் போட்டே படி. ஒளித்துப் படிக்கிற சேதி இதில் ஒன்றும் இல்லை. ஒளித்தது போதும்.

நான் கத்தரிக்கோல் கொண்டு வந்தது நிஜம். உன் அப்பா தறியில் நூல் நறுக்க வைத்திருந்த அதே சின்னக் கத்தரி. ஏன் கொண்டு வந்தேன் என்றால், போன வாரம் நீ அனுப்பிய போட்டோ. என் பேத்தி யாழினி மல்லாந்து படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருக்கிறாள். வாயில் அந்த ரப்பர் காம்பு. மருந்துக்கடையில் நிப்பிள் என்பார்கள், சரண்யா பாசிஃபையர் என்கிறாள், எனக்கு அது என்றைக்கும் ரப்பர்தான். பிள்ளை சிரிக்கிற அழகைப் பார்க்கப் படத்தைப் பெரிசாக்கினேன். அப்போதுதான் ரப்பரின் வளையத்திலிருந்து ஒரு ரோஸ் கலர்க் கயிறு போவதைப் பார்த்தேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அது பிள்ளையின் கழுத்தைச் சுற்றி வந்து வளையத்திலேயே முடிந்தது. நடுநடுவே கருகமணி கோத்திருந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும் தம்பி. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அந்த முடிச்சை அப்படி மடக்கிப் போடுவாள்.

உடனே உனக்குப் பேசினேன். "சரிம்மா, எடுத்துர்றேன்" என்றாய். அடுத்த நாள் படம் வந்தது, கயிறு இருந்தது. அதற்கு அடுத்த நாள் வந்த படத்தில் சட்டைக்குள் போயிருந்தது, ஆனால் இருந்தது. ஆனையூரிலிருந்து கே.கே. நகர் என்ன சீமையா? பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவள் உன் அத்தை, சரண்யா கடைக்குப் போயிருந்தாள். "வாத்தா, ஒன் கோவம் தணிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டாள். பிள்ளை ஸ்பிரிங் தொட்டிலில் தூங்கியது. மேலே சேலையை விரித்துப் பிடிக்கிற மரக்கம்பு. கீழே பிள்ளை. கழுத்தில் கயிறு. நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே என் இரண்டு விரலைக் கொடுத்து, கத்தரியை என் விரல் பக்கம் வைத்துத்தான் நறுக்கினேன். பிள்ளை முழிக்கக்கூட இல்லை. காப்பியோடு வந்த உன் அத்தை போட்ட கூச்சலில்தான் முழித்து அழுதது. நீ கேள்விப்பட்டது அந்தக் கூச்சலை மட்டும்தான்.

உன் தாடைக்குக் கீழே இடது பக்கம் நூல் பிடித்த மாதிரி ஒரு தழும்பு இருக்கிறதே, சவரம் பண்ணும்போதெல்லாம் பார்ப்பாயே, அதைப் பற்றி உனக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்? அம்மா குழாயடியில் கதை பேசிக்கொண்டு நின்றுவிட்டாள், தொட்டில் சேலை கழுத்தில் சுற்றிக்கொண்டது என்று. எட்டாவது படிக்கும்போது, பரீட்சைக்குப் படிக்கச் சொல்லித் திட்டியதற்கு, நீயே என் முகத்துக்கு நேராகச் சொன்னாய்: "என்னயப் பாக்கச் சொன்னா மட்டும் ஒங்களுக்குக் கொழாயடி. அத்த எல்லாம் சொல்லியிருக்கு." அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத் திறக்கிறேன்.

நீ மாசம் நிறையாமல் பிறந்தவன். பால் குடிக்கத் தெம்பு இல்லாமல் சப்பிச் சப்பித் தூங்கிப்போவாய். பொழுது சாய்ந்தால் அழ ஆரம்பிப்பாய், ஊரே தூங்கினாலும் நிறுத்த மாட்டாய். சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம், இந்தப் பக்கம் உன் சத்தம். நான் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தேன். அப்போது மருந்துக்கடையில் அந்த ரப்பரை வாங்கி வந்து உன் வாயில் வைத்தவள் உன் அத்தைதான். வைத்த மாத்திரத்தில் அடங்கினாய். கண் சொருகித் தூங்கினாய். நான் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன், அதை மறைக்க மாட்டேன். தடுப்பூசி போடும்போது மற்ற பிள்ளைகள் எல்லாம் வீல் வீலென்று கத்த, நீ மட்டும் ரப்பரைச் சப்பிக்கொண்டு முகத்தைச் சுளித்ததோடு சரி. அதனால் ரப்பர் கெட்டது என்று நான் சொன்னால் எனக்கே அடுக்காது. அது எனக்குத் தூக்கம் கொடுத்தது. உனக்கு நிம்மதி கொடுத்தது.

கெடுதலும் செய்தது. உன் அப்பத்தா அதைத் தேனில் தொட்டுத் தொட்டு வைப்பார். வேண்டாம் என்றால் "நாங்கல்லாம் தேன் தொட்டு வளந்தவகதான்" என்பார். உன் பால்பல் முளைத்து வரும்போதே கறுத்துப் போனது அதனால்தான். பசிக்கிற அழுகைக்கும் ரப்பரை வைத்துவிட்டு, ஒரு நாள் ஊற வைத்த அரிசியை ஆட்டி முடிக்கும்வரை உன்னைக் காக்கவைத்தேன். அதற்கு நான் மட்டுமே பொறுப்பு. அடிக்கடி காதில் சீழ் வைத்தது உனக்கு. ரப்பரால் இருக்கலாம், தறித் தூசியால் இருக்கலாம், தெரியாது.

அந்தத் தூசியிலிருந்துதான் கயிறே வந்தது. செல்லூர் வீட்டில் தரையில் எப்போதும் பஞ்சு பறந்து படிந்திருக்கும். பெருக்கிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் வெள்ளையாகிவிடும். ரப்பர் உன் வாயிலிருந்து விழுந்தால் போதும், மீசை முளைத்த மாதிரி பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கழுவிக் கழுவி வைப்பதே வேலை. உன் அத்தைக்கு நூல் வேலையில் கைப்பக்குவம் அதிகம். பாவு நூலை நாலு இழை சேர்த்து முறுக்கி, மெழுகு தடவி, திருஷ்டிக்குக் கருகமணி கோத்து, ரப்பரை அதில் கட்டி உன் கழுத்தில் மாலையாகப் போட்டாள். "தறியே நின்னாலும் இது அறாது பாரு" என்றாள். அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. நானும் பார்த்துச் சந்தோசப்பட்டேன். நல்லதாய்ப் போயிற்று மதினி, இனிக் கழுவ வேண்டாம் என்றேன். ஒரு நூல் அறாமல் இருப்பது நல்லது என்றுதான் எங்கள் புத்தி. தறிக்காரக் குடும்பத்துப் புத்தி அது. பிள்ளை கழுத்தில் கிடக்கிற நூல் அறுந்து போவதுதான் நல்லது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஆள் ஓடிவந்து சொன்னார்கள். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். "பாத்துக்கங்க மதினி" என்றேன். "நான் என்னத்துக்கு இருக்கேன், போத்தா" என்றாள். நான் போன கொஞ்ச நேரத்தில் அவள் தன் தம்பிக்கு டீ கொண்டுபோகத் தறிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். பிள்ளை தூங்குகிறதே என்ற தைரியம். நீ முழித்து, சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறாய். கழுத்து மாலை தொட்டில் கம்பின் நுனியில் மாட்டியிருக்கிறது. கால் வழுக்கி உட்கார்ந்திருக்கிறாய். அவ்வளவுதான்.

நான் குடத்தோடு உள்ளே நுழைந்தபோது நூர்ஜஹான் அக்கா உன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாய் கத்துகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தறி ஓடும்போது அந்த வீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. பக்கத்தில் போன பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். அந்த நிறத்தை நான் எழுத மாட்டேன். தூக்கியும் இறுக்கம் விடவில்லை, கயிறு முறுக்கிக்கொண்டு சதைக்குள் புதைந்திருந்தது. என் விரல் நுழையவில்லை. பல்லால் கடித்தேன். மெழுகு தடவிய நூல், பல் வழுக்கியது. உன்னை என் கையில் போட்டுவிட்டு நூர்ஜஹான் அக்கா வெளியே ஓடினார். உன் அப்பாவைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் கேட்காது என்று அந்த நேரத்திலும் அவருக்குப் புத்தி இருந்தது. தறிக்கூடத்து மெயின் சுவிட்சை இழுத்துக் கீழே தள்ளினார். எல்லாத் தறியும் ஒன்றாக நின்றது. அந்த அமைதியில்தான் என் அலறல் எனக்கே கேட்டது. உன் அப்பா கையிலிருந்த கத்தரியோடு ஓடிவந்து நறுக்கினார். நீ அசையவில்லை. பிறகு ஒரு இருமல். பிறகு அழுதாய். உன் அழுகையை நான் அதற்குமுன் எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன்.

உன் அத்தை காலி டம்ளரோடு கதவடியில் நின்றாள். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பும்போது, தரையில் கிடந்த கயிற்றையும் ரப்பரையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நாங்கள் திரும்பி வந்தபோது வீடு முழுக்க ரப்பர் கருகிய நாற்றம். அடுப்பில் போட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் உன் அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜென்மத்தில் என்னிடம் கெஞ்சாத மனுசி. "ஏத்தா, நீ பெத்தவ. ஒன்னய நாலு நாளு பேசிட்டு விட்டுருவாக. அவ மடி வெறும் மடி. அவ கட்டுன கயிறுனு தெருவுல தெரிஞ்சா, இனி ஒருத்தியும் தன் பிள்ளைய அவ கையில குடுக்க மாட்டா. நீ கொழாயடியில இருந்தேன்னு மட்டும் சொல்லு. அது பொய்யில்லையே" என்றார். உன் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குழந்தை இல்லை என்று கட்டியவன் கொண்டுவந்து விட்டுப்போன பொம்பளை. அவள் முதுகு குலுங்கியது. எனக்கு மனசு இளகிவிட்டது. சரி என்றேன். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா விசயத்தில் அவர் என்றைக்குத் தலை நிமிர்ந்தார்? நூர்ஜஹான் அக்காவிடமும் கேட்டுக்கொண்டோம். "நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்மா. ஆனா ஒண்ணு. அவளக் காப்பாத்து. அவகூடச் சேத்துக் கயித்தயும் காப்பாத்திராத" என்றார். அதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. போன வாரம் போட்டோவைப் பெரிசாக்கியபோது விளங்கியது.

நாலு நாள் பேசிவிட்டு விடுவார்கள் என்றாரே உன் அப்பத்தா, அப்படி நடக்கவில்லை. உன் காதுகுத்தில், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, "எங்க தம்பி பொண்டாட்டிக்குக் கொழாயடினா சோறு வேண்டாம், பிள்ளயும் வேண்டாம்" என்று உன் அத்தை சொன்னாள். என் பொறந்த வீட்டு ஆட்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கச்சி பாதியில் எழுந்து போனாள். யார் யார் சிரித்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். முதலில் நான் நினைத்தேன், தன் மேல் சந்தேகம் வராமலிருக்க இப்படிப் பேசுகிறாள் என்று. வருசம் போகப் போக அவள் பேச்சில் ஒரு தெளிவு வந்தது. கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். தொட்டில் சேலை என்றாள், சேலையின் நிறத்தைக்கூடச் சொன்னாள். கயிறு என்ற ஒன்று அவள் கதையில் இல்லாமலே போயிற்று.

ரப்பர் போனதும் நீ கட்டைவிரலுக்கு மாறினாய். வேப்பெண்ணெய் தடவினேன், விளக்கெண்ணெய் தடவினேன், துணி சுற்றினேன். அதையும் சேர்த்துச் சப்பினாய். பள்ளிக்கூடம் போய் ரெண்டாவது வரைக்கும் விடவில்லை. முன்பல் எத்திக்கொண்டு வந்து, காலேஜில் கம்பி மாட்டித் திரிந்தாயே, அது அந்த விரலின் கைங்கரியம். அப்போது ஒரு விசயம் எனக்குப் பட்டது. ரப்பரை ஒரு நாள் தூக்கிப் போட்டுவிடலாம். கட்டைவிரலை எங்கே போய்ப் போடுவது?

இது தெரிந்தும் நான் உன் வீட்டில் செய்ததைச் சொல்ல வேண்டும். யாழினிக்கு ரெண்டு மாதம் இருக்கும்போது அவள் வாயில் ரப்பரைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கருகல் நாற்றம் வந்துவிட்டது. பிடுங்கிக் குப்பைக்கூடையில் எறிந்தேன். சரண்யா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குத் தெரியாதா அந்தத் தந்திரம்? "கொஞ்ச நாள் ஆனையூர்ல இருங்கம்மா" என்று நீ சொன்னதும் ரோசத்தோடு கிளம்பினேன். நான் காலி பண்ணின இடத்தில் உன் அத்தை வந்து உட்கார்ந்தாள். என் கோபமே அந்தக் கயிற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

பிறகு உங்கள் தெருமுனைக் கிளினிக்கில், யாழினிக்கு ஊசி போடுகிற அந்தச் சின்ன வயசு டாக்டரம்மாவை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். உனக்குத் தெரியாது. ரப்பர் கொடுக்கிற பெண்ணைத் திட்டச் சொல்லிக் கேட்கத்தான் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, எதிர்பாராத மாதிரி பேசினார். தாய்ப்பால் நன்றாகப் பழகிய பிறகு கொடுத்தால் பயமில்லை என்றார். சின்னப் பிள்ளைகள் தூக்கத்திலேயே போய்விடுகிற சங்கடம் ஒன்று உண்டாம், தூங்கும்போது ரப்பர் சப்புகிற பிள்ளைகளுக்கு அது குறைவாக வருகிறதாம். ஏன் என்று முழுசாகத் தெரியாதாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள், தூக்கத்தில் விழுந்துவிட்டால் திரும்ப வைக்க வேண்டாம் என்றார். பசிக்கு அது பதில் இல்லை என்றார், அரிசி ஆட்டிய நாள் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வயசுக்குள் தேன் ஆகவே ஆகாது என்றார். ஆறு மாதத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் காதுக்கு நல்லது, ரெண்டு மூணு வயசுக்கு இழுத்துக்கொண்டு போனால் பல்லுக்குக் கெடுதல் என்றார். ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று தினமும் இழுத்துப் பார்க்கச் சொன்னார், துண்டு உடைந்தால் தொண்டையில் போய் உட்கார்ந்துவிடுமாம். எல்லாம் கேட்டுவிட்டு நான், "கழுத்துல கயிறு கட்டிக்கலாமாம்மா?" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "யாரு கட்டிருக்கா?" என்று கேட்டார். அப்போது யாரும் கட்டவில்லை. சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரண்யாவிடம் சொல்: அவள் செய்தது சரி, நான் எறிந்தது தப்பு. ரப்பர் இருக்கட்டும். விழுந்தால் எடுத்துக் கழுவட்டும். இன்னும் நாலு வாங்கி டப்பாவில் போட்டு வைக்கட்டும். உங்கள் வீட்டில் பஞ்சா பறக்கிறது? பளிங்குத் தரை.

ஆனால் அடுத்த மாதம் அவள் ஆபீசுக்குப் போகிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பிள்ளை யார் கையில் இருக்கும் என்று நினைத்துப் பார். யாழினி குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள் என்று நீதான் சந்தோசமாகப் படம் அனுப்பினாய். இனித் தவழுவாள். பிறகு தொட்டில் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். நான் எங்கே வருகிறேன் என்று உனக்குப் புரிகிறதா? நான் நறுக்கிவிட்டு வந்த அன்றே உன் அத்தை சரண்யாவிடம் சொன்னாளாம், "போனாப் போகுது, ஒரு நாள்ல வேற முறுக்கிப் போட்டுர்றேன்" என்று. சரண்யா வெள்ளந்தியாக எனக்குப் போன் பண்ணி, கோபப்படாதீர்கள், வேறு கயிறு வந்துவிடும் என்று என்னைத் தேற்றினாள்.

இந்தக் கடிதத்தோடு நான் நறுக்கிய கயிற்றை வைத்திருக்கிறேன். கையில் எடு. ரெண்டு முனையையும் விரலில் சுற்றி உன் பலம் கொண்ட மட்டும் இழு. பல்லால் கடி. அறுகிறதா பார். அறுந்தால் நான் பைத்தியக்காரி, என்னை இனி வாசலில் சேர்க்காதே. அறாவிட்டால் கண்ணாடி முன்னால் போய் அதை உன் தாடைக்குக் கீழே இருக்கிற தழும்பில் வைத்துப் பார். பிறகு உன் அப்பாவைக் கேள். காதுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகக் கேள், தறி அவர் காதைத் தின்றுவிட்டது. அக்கா பக்கத்தில் இருக்கிறாளே என்று அவர் தலையைக் குனிவார். குனிய விடாதே. நூர்ஜஹான் அக்காவும் மகள் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறார், விலாசம் அப்பாவுக்குத் தெரியும்.

என்னை உள்ளே விடு என்று நான் கேட்கவில்லை. சரண்யாவின் அம்மா வந்து பார்க்கட்டும், சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள், நல்ல காப்பகம் இருந்தால் விடு. நான் ஆனையூரிலேயே கிடக்கிறேன். பிள்ளை கழுத்தில் கயிறு, ரிப்பன், சங்கிலி, மந்திரித்த தாயத்து, எதுவும் வேண்டாம். தொட்டில் கம்பிலும் ஒன்றையும் தொங்கவிடாதே. திருஷ்டிக்குக் கன்னத்தில் மை வைத்தால் போதும். நான் கேட்பது இவ்வளவுதான்.

உன் அப்பத்தாவை மன்னித்துவிட்டேன், அவர் மகளைக் காப்பாற்றினார், யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். உன் அப்பாவை மன்னித்துவிட்டேன், நறுக்கிய கை அவருடையது. குழாயடி என்று சொன்ன உன்னையும், நேற்று வராதீர்கள் என்று சொன்ன உன்னையும் எப்போதோ மன்னித்தாயிற்று. முதல் கயிற்றைக் கட்டியவளைக்கூட மன்னித்தேன். ஆசையாகத்தான் முறுக்கினாள், எனக்குத் தெரியும். என்மேல் போட்ட பழியையும் தின்று செரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பெயரை மேலே எழுதியிருக்கிறேனே, அதில் ஒருத்தி அந்த ரப்பரையும் கயிற்றையும் தன் கையால் அடுப்பில் போட்டாள். அந்த நாற்றம் எனக்கு இன்னும் போகவில்லை. அவளுக்குப் போய்விட்டது. போனதால்தான் அதே கையால் நூல் முறுக்கி, அதே முடிச்சை உன் மகள் கழுத்தில் போட முடிந்தது. சொன்ன பொய்யை மன்னிக்கலாம் தம்பி. அதைத் தானே நம்பி, இன்னொரு பிள்ளைக்கும் கயிறு கட்டினாளே, அதை நான் மன்னிக்க மாட்டேன்.

பஞ்சவர்ணத்தை நான் மன்னிக்க மாட்டேன்.